பெரிய ஆட்களை ஏற்றாத மலை

ஐப்பசி மழையில் நெட்டையன்மலையின் இடது தோள் சரிந்து விழுந்த மூன்றாம் நாளிலிருந்து, அந்த மலை பெரிய ஆட்களைத் தன்மேல் ஏற்றிக்கொள்வதை நிறுத்திவிட்டது. இதை முதலில் தெரிந்துகொண்டவர் வெயிலுமுத்து. மலையடிவாரத்துச் சுனைக்குடிக்குப் பதினெட்டு வருஷமாகத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் அவர்தான். உச்சியில் ஒரு சுனை இருந்தது. அந்தச் சுனைத் தண்ணீர் இரும்புக் குழாய்க்குள் புகுந்து, பாறை பாறையாக இறங்கி, ஊர்த் தொட்டியில் வந்து விழும். காலையிலும் மாலையிலும் வால்வைத் திருகித் தெருக் குழாய்களுக்கு விடுவது அவர் வேலை. அன்றைக்குத் தொட்டியில் ஒரு சொட்டும் விழவில்லை. சரிந்த மண் சுனையின் வாயை மூடியிருக்கும் என்று நினைத்து, மண்வெட்டியும் கடப்பாரையுமாகக் கிளம்பினார்.

மாதம் ஒருமுறை ஏறிப் பழகிய பாதை. மூன்று மணி நேர ஏற்றம். அன்றைக்கு மூன்று மணி நேரம் ஏறினார், அதற்குப் பிறகும் ஏறினார், மூச்சு வாங்க ஏறினார், முட்டு வலிக்க ஏறினார். வைத்த அடியெல்லாம் ஏற்றத்தில்தான் வைத்தார், ஓரடிகூட இறங்கவில்லை. ஆனாலும் பொழுது சாய்கிற நேரத்தில் அவர் வந்து நின்ற இடம் அடிவாரத்து மஞ்சணத்தி மரத்தடியாக இருந்தது. காலையில் அங்கே கழற்றிப் போட்ட செருப்பு போட்டபடியே கிடந்தது.

"அண்ணாச்சிக்கு வயசாயிட்டு," என்று டீக்கடையில் சொன்னார்கள். மறுநாள் எட்டு இளவட்டங்கள் கிளம்பிப் போனார்கள். எட்டுப் பேரும் சாயங்காலம் மஞ்சணத்தி மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவன் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து, "ஏறிக்கிட்டேதான்ல இருந்தோம்," என்று மூன்று தடவை சொன்னான். அதற்குப் பிறகு அண்ணாச்சியின் வயசைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து, செல்லக்கனி காணாமல் போன வெள்ளாட்டைத் தேடிக்கொண்டு மலைப்பக்கம் போனாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் ஐந்து வயசு மகள் முத்துமாரியையும் கையில் பிடித்துக்கொண்டு போனாள். ஆடு பாதியிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் முத்துமாரி இன்னும் மேலே போகலாம் என்றாள், அம்மையும் சரி என்றாள், வெயில் உச்சிக்கு வருவதற்குள் இருவரும் ஆடுமாக மலையுச்சியில் நின்றார்கள். திரும்பி வந்து, தெருவில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தவர்களிடம், "சொனை இருந்த இடமே தெரியல, மண்ணு மூடிக் கிடக்கு," என்றாள். உரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"நீ எப்படிட்டி மேல போன?"

"நடந்துதான்," என்றாள் செல்லக்கனி.

ஊருக்கு விஷயம் பிடிபட நாலு நாள் ஆனது. பிள்ளையோடு போனால் மலை ஏற்றும், ஒரு பிள்ளைக்கு ஒரு பெரிய ஆள். பிள்ளை இல்லாமல் போனால் திருப்பி அனுப்பும். ஊராட்சித் தலைவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு போனார். வரமாட்டேன் என்றவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இருவரும் மஞ்சணத்தி மரத்தடிக்கே வந்து சேர்ந்தார்கள். பிள்ளை மனசோடு வரவேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்தது. ஏன் இப்படி என்று கொஞ்ச நாள் பேசினார்கள். சாமிக்கு ஏதோ குறை என்றார் பூசாரி. மண் சரிந்ததில் மலைக்குள்ளே ஏதோ புரண்டிருக்கும் என்றார் தலைமையாசிரியர். பிறகு அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள். விறகு வேண்டியிருந்தது, தேன் வேண்டியிருந்தது, உச்சிச் சாஸ்தாவுக்கு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கவேண்டியிருந்தது. காரணம் தெரிகிற வரைக்கும் இதெல்லாம் காத்திருக்காது.

அதனால் ஊர் தன்னைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டது. விடிந்ததும் உளுந்து இரவல் கேட்பதுபோல வாசலில் வந்து நின்று, "உங்க சின்னவளை மத்தியானம் வரைக்கும் மலைக்கு அனுப்பி வைப்பியளா?" என்று கேட்டார்கள், கேட்கப்பட்ட தாயோ, "அவகிட்டயே கேளுங்க, எங்கிட்ட என்ன இருக்கு," என்று உள்ளே போனாள், கேட்க வந்தவர் மீசை நரைத்தவராக இருந்தாலும் குனிந்து, தாலுகா ஆபீஸில் பேசுகிற குரலில், "மலைக்கு வாரியாம்மா?" என்றார். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் வந்தவர்களுக்கு ஒரு குறியும் வராதவர்களுக்கு ஒரு குறியும் இருந்தன. தலைமையாசிரியர் மூன்றாவதாக 'ம' என்று ஒன்றைச் சேர்த்தார். மலைக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். சோதனைக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, மதிய உணவு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுப் போனார். வெளியூரிலிருந்து வந்த கல்யாணமாகாத வனக்காவலர், அக்காளுக்குக் கடிதம் எழுதி அவள் மகளை அரைப்பரீட்சை லீவுக்கு வரவழைத்துக்கொண்டார். வீட்டில் பிள்ளைகளைக் கேட்காமல் பேசி முடிக்கிற வழக்கம் மெல்ல மெல்லக் குறைந்து போனது. பிள்ளைகளும் அதற்காகத் தலைகால் தெரியாமல் ஆடவில்லை. மலைக்குப் போன நாட்களில் வாயில் காட்டு நெல்லிக்காயை அதக்கிக்கொண்டு, பெரிய வேலை முடித்து வந்தவர்கள் மாதிரி அமைதியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள்.

தண்ணீர் மட்டும் வரவில்லை. பிள்ளைகளோடு இரண்டு மூன்று தடவை ஆட்கள் போய்த் தோண்டிப் பார்த்தார்கள். சுனையின் மூடுகல் எங்கே, குழாயின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது வெயிலுமுத்துவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவர் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். அந்தக் கோட்டை மனசில் வைத்துக்கொண்டு போனவர்கள் மேலே சரிந்து கிடந்த மண்ணைப் பார்த்ததும் திசை குழம்பிப்போய் வேறெங்கோ தோண்டிவிட்டு வந்தார்கள். மாசி பிறந்ததும் குளம் வற்றியது. கிணறுகளில் உப்பு ஏறியது. பெண்கள் மூன்று மைல் நடந்து ஓடைக்கரை ஊற்றில் அகப்பையால் கோரிக் குடம் நிறைத்து வந்தார்கள்.

வெயிலுமுத்து போகவேண்டும். அவரோடு போக ஒரு பிள்ளை வேண்டும். அங்கேதான் இடித்தது.

பதினெட்டு வருஷத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகளில் அவர் புளிய விளாறை ஓங்கித் துரத்தாதவர்கள் யாரும் இல்லை. தொட்டி ஏணியில் ஏறினால் துரத்துவார், தெருக் குழாயைத் திறந்து போட்டு விளையாடினால் துரத்துவார், சும்மா குழாயடியில் நின்றாலும் துரத்துவார். சாப்பிட மறுக்கிற பிள்ளைக்குத் தாய்மார் சொல்கிற பெயர் பூச்சாண்டி இல்லை, வெயிலுமுத்து. பெண்டாட்டி இறந்து, பிள்ளையும் இல்லாமல், ஐம்பத்துமூன்று வயசில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்த அவருக்கு இதில் வருத்தம் இருந்ததில்லை. தண்ணீரை வீணாக்குகிற ஜாதி என்றுதான் பிள்ளைகளைப் பற்றி நினைத்திருந்தார்.

இப்போது கடலைமிட்டாய் வாங்கினார். மூன்று பிள்ளைகள் மூன்று நாட்களில் அதை வாங்கித் தின்றுகொண்டு அவரோடு மலைக்கு வந்தார்கள். மூவருக்கும் மிட்டாய் தீர்ந்ததும் பக்கத்தில் நடப்பவர் யார் என்பது நினைவுக்கு வந்தது. மூன்று நாளும் அழுகிற பிள்ளையோடு மஞ்சணத்தி மரத்தடியில் வந்து நின்றார். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தொட்டியடிக்கும் போகவில்லை, டீக்கடைக்கும் போகவில்லை.

மறுநாள் காலையில் அவர் வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றது. தெற்குத் தெரு இசக்கியம்மாளின் மகள் பாண்டிமீனா. ஏழு வயசு, இரண்டாம் வகுப்பு. தகப்பன் கேரளத்தில் செங்கல் சூளையில் இருந்தான். அவள் நடையை ஒட்டி வராமல், ஓடிவிடத் தோதாக நாலடி தள்ளியே நின்றாள்.

"நான் வாரேன் மலைக்கு," என்றாள்.

வெயிலுமுத்து அவளைப் பார்த்தார். "நேத்து ஒருத்தன் வந்தான். பாதியிலயே அழுதுட்டான்."

"எனக்கும் உங்களைக் கண்டா பயம்தான்," என்றாள் அவள். "எங்க அம்மை வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு ஊத்துக்குப் போறா. முந்தாநாள் குடத்தோட விழுந்துட்டா. விழுந்ததை யார்ட்டயும் சொல்லாதன்னுட்டா. அவ இனிமே போகக்கூடாது."

"எத்தனை மாசம்?" என்று கேட்டார் வெயிலுமுத்து.

"எட்டு. விளாறைக் கொண்டு வரக்கூடாது. வேகமா நடன்னு சொல்லக்கூடாது. நானா பிடிச்சாத்தான் கையைப் பிடிக்கணும்."

"சரி," என்றார் வெயிலுமுத்து. பிறகு, அது போதாது என்று தோன்றி, "சரிம்மா," என்றார்.

அன்றைக்குச் செல்லக்கனியும் முத்துமாரியும், இன்னும் மூன்று பேர் தங்கள் தங்கள் பிள்ளைகளோடும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து பெரியவர்கள், ஐந்து பிள்ளைகள். இசக்கியம்மாள் மஞ்சணத்தி மரம் வரைக்கும் வந்தாள். இடுப்பில் கைவைத்து நின்று, வெயிலுமுத்துவைப் பார்த்து, "அவ பசின்னு சொல்ல மாட்டா அண்ணாச்சி. நீங்களாத்தான் பாத்துக் குடுக்கணும்," என்றாள்.

அவர் அந்த மலையை இருநூறு தடவைக்குமேல் ஏறியவர். குழாயில் கண்ணை வைத்துக்கொண்டு, எங்கே கசிகிறது, எந்த இணைப்பு துருவேறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஏறி, வேலையை முடித்துவிட்டு இறங்குகிறவர். பிள்ளைகள் அப்படி ஏறவில்லை. ஒரு மரவட்டை பாதையைக் கடந்து முடிக்கிற வரைக்கும் நின்றார்கள். மந்தி ஒன்று தன் குட்டிக்குப் பேன் பார்ப்பதைப் பார்க்க நின்றார்கள். எதிரொலிக்கிற பாறை முன்னால் நின்று ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லிப் பாறை திருப்பிச் சொல்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு ஓடினார்கள், ஓடிவிட்டு மூச்சு வாங்கினார்கள், மூச்சு வாங்கிக்கொண்டே நெல்லி பொறுக்கினார்கள். வேகமாக நடங்கள் என்ற சொல் வெயிலுமுத்துவின் தொண்டை வரைக்கும் பலமுறை வந்தது. ஒவ்வொரு தடவையும் அதை விழுங்கினார்.

பாதி மலைக்குமேல் காடு அடர்ந்தது. இலை ஈரத்தில் அட்டைகள் எழுந்து நின்றன. பெரியவர்கள் கால்களைத் தட்டித் தட்டி நடந்தார்கள். பாண்டிமீனா நின்று, தன் கணுக்காலில் ஒட்டியிருந்ததைக் குனிந்து பார்த்து, கொண்டு வந்த உப்புப் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அதன்மேல் வைத்தாள். அட்டை விழுந்ததும் மற்ற பிள்ளைகளின் கால்களுக்கும் வைத்தாள். கடைசியில் வெயிலுமுத்துவின் பக்கம் வந்து, "உங்களுக்கும் இருக்கு," என்று சொல்லி, அவர் முழங்காலுக்குக் கீழே கைநீட்டி உப்பு வைத்தாள். அவர் அசையாமல் நின்றார். பெண்டாட்டி போன பிறகு அவர் காலைத் தொட்ட முதல் கை அது.

வழுக்குப்பாறையில் ஏற்றம் செங்குத்தாக நின்றது. பாறையில் மழைத்தண்ணீர் அரித்த வரிகளில் விரலை மாட்டித்தான் ஏறவேண்டும். பெரியவர்கள் மேலே போய்க் கயிற்றை இறக்கினார்கள். ஐந்து பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக, நாக்கைக் கடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல் ஏறினார்கள். கீழே நின்று ஒவ்வொரு பாதத்தையும் வரியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்த வெயிலுமுத்து, அத்தனை சின்னப் பாதம் அத்தனை பெரிய மலையை மிதிப்பதைத் தன் உள்ளங்கையில் உணர்ந்தார். தாம் முதன்முதலில் இந்தப் பாறைக்கு வந்தபோது வயசு முப்பத்தைந்து என்பதும், அன்றைக்கு உள்ளுக்குள் நடுங்கியதும், அதை மேஸ்திரியிடம் காட்டிக்கொள்ளாமல் வயிற்றுவலி என்று சொல்லி உட்கார்ந்ததும் ஞாபகம் வந்தது. பாண்டிமீனா நடுப்பாறையில் நின்றுவிட்டாள்.

"பயமா இருக்கா?"

"ஆமா."

"இறங்கிருவமா?"

அவள் யோசித்தாள். "இல்ல. கொஞ்சம் நின்னு பயந்துட்டு ஏறுதேன்," என்றாள். அப்படியே செய்தாள். மலை அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. பயத்தையும் விருப்பமின்மையையும் அது பிரித்துப் பார்க்கத் தெரிந்து வைத்திருந்தது.

உச்சிக்கு வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மேகம் முழங்கால் உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வெயிலுமுத்து சரிந்த மண்ணை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சாஸ்தா கல்லிலிருந்து பதினாலு எட்டு வைத்து, கடப்பாரையால் ஊன்றி, "இங்கன," என்றார். மண்ணை அள்ளினார்கள். மூடுகல் தெரிந்தது. கடப்பாரையை மாட்டி நெம்பிப் புரட்டினார்கள். உள்ளே சுனை நிறைந்து, கறுத்து, குளிர்ந்து கிடந்தது. ஆனால் குழாய்க்குள் தண்ணீர் இறங்கவில்லை. அவர் கையை விட்டுப் பார்த்தார். குழாயின் வாய்க்குள் முழங்கைக்கு மேலே போகவில்லை. விரல் நுனியில் மயிர்மயிராக ஏதோ தட்டியது.

"வேர் உள்ள புகுந்திருக்கு. பிடி கிடைக்கல. நாளைக்கு வளைவுக் கம்பி கொண்டு வரணும்."

"என் கை போகும்," என்றாள் பாண்டிமீனா.

"வேண்டாம். வேர் வழிவிட்ட உடனே தண்ணி உள்ள இழுக்கும். கையையும் சேத்து இழுக்கும்."

"நாளைக்கு அம்மை ஊத்துக்குப் போவா."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். செல்லக்கனி முத்துமாரியின் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள். வெயிலுமுத்து தோள்துண்டைப் பாண்டிமீனாவின் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அதன் நுனியைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, குதிகாலைப் பாறையில் ஊன்றி உட்கார்ந்தார். "இழுக்க வேண்டாம். வேர்ல இந்தக் கயித்தை முடிச்சுப் போட்டுட்டு, கையை வெளிய எடுத்துரு. அவ்வளவுதான். எடுத்தப்பறம்தான் நாங்க இழுப்போம்."

"நீங்க பிடிச்சிருக்கியளா?"

"பிடிச்சிருக்கேன்."

அவள் கன்னத்தைத் தண்ணீரில் வைத்து, தோள் வரைக்கும் கையை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். உதடு நீலமாகிற அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர். அவள் விரல்கள் உள்ளே என்ன செய்கின்றன என்பதை முகத்திலிருந்துதான் பார்க்க முடிந்தது. ரொம்ப நேரம் ஆனது. "போட்டாச்சு," என்று சொல்லிக் கையை உருவினாள். அதன் பிறகே வெயிலுமுத்து மூச்சு விட்டார்.

பத்துப் பேரும் கயிற்றைப் பிடித்தார்கள், தேர்வடம் பிடிப்பதுபோல, பிள்ளைகள் முன்னாலும் பெரியவர்கள் பின்னாலும். வேர் வர ஆரம்பித்தது. ஒரு முழம் வந்தது, மூன்று முழம் வந்தது, தலைமயிர்ச் சடை மாதிரி தண்ணீர் சொட்டச் சொட்ட, இதற்குமேல் இருக்காது என்று நினைத்த பிறகும் வந்துகொண்டே இருந்தது. பதினோரு முழம் வந்து நுனி தெறித்ததும், பத்துப் பேரும் மல்லாந்து விழுந்தார்கள். சுனை ஒரு பெரிய ஏப்பம் விட்டது. குழாய்க்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் மலைக்குள்ளேயே ஒருவர் ஓடி இறங்குவதுபோலக் கேட்டது.

பிள்ளைகள் பாறை விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு ஊரைப் பார்த்தார்கள். வெயிலுமுத்துவும் படுத்தார். எல்லாமாகச் சேர்ந்து ஒரு உள்ளங்கை அளவு இருந்தது சுனைக்குடி. தெருக்களில் ஒன்றும் அசையவில்லை. கட்டிச்சோற்றைப் பிரித்துப் பாண்டிமீனாவிடம் நீட்டினார். அவள் ஊரிலிருந்து கண்ணை எடுக்காமலே தின்றாள். அவள் உருண்டையை முடித்து விரலை நக்கிக்கொண்டிருக்கும்போது கீழே ஒரு சிவப்புப் புள்ளி தெருவில் வந்தது. பிறகு ஒரு பச்சை. பிறகு மஞ்சள், நீலம், இன்னும் நீலம், எல்லா வீடுகளிலிருந்தும் பிளாஸ்டிக் குடங்கள் புறப்பட்டுத் தொட்டியைப் பார்த்து ஓடின. அத்தனை உயரத்திலிருந்து ஆட்கள் தெரியவில்லை. குடங்கள் தாமாகவே ஓடுவதுபோல இருந்தது. பிள்ளைகள் சத்தம் போடவில்லை. முத்துமாரி மட்டும், "எங்க வீட்டுக் குடம் சிவப்பு," என்று மெதுவாகச் சொன்னாள்.

இறங்கும்போது பாண்டிமீனாவின் கால் பின்னிக்கொண்டது. வெயிலுமுத்து அவள் முன்னால் குத்தவைத்தார். அவள் கொஞ்சம் பார்த்துவிட்டு அவர் முதுகில் ஏறிக்கொண்டாள். பத்து எட்டு வைப்பதற்குள் அவள் தலை அவர் பிடரியில் சாய்ந்தது. காட்டை விட்டு வெளியே வந்து, வெள்ளைப் பாசி படர்ந்த ஒரு பாறையைத் தாண்டினார்கள். முன்னால் போனவர்கள் திருப்பத்தில் மறைந்தார்கள். அவரும் திரும்பினார். எதிரே வெள்ளைப் பாசிப் பாறை நின்றது. மறுபடி நடந்தார். மறுபடி பாறை. மற்றவர்களின் பேச்சுச் சத்தம் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது.

ஆளைக் காணோமே என்று செல்லக்கனி மகளோடு திரும்பி ஏறி வந்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "புள்ளை உறங்கிட்டா அண்ணாச்சி. அதான் வழி விடமாட்டேங்குது. எழுப்பிருங்க."

வெயிலுமுத்து கழுத்தைத் திருப்பாமல், முதுகில் ஏறி இறங்குகிற மூச்சைக் கேட்டார். அவள் வாய் ஓரத்திலிருந்து எச்சில் அவர் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"உறங்கட்டும்," என்றார்.

"இருட்டுறதுக்குள்ள போகணும்லா."

"அவளா எந்திரிப்பா. அவ அம்மைட்ட, புள்ளை நல்லா இருக்கா, சோறு தின்னாச்சுன்னு மட்டும் சொல்லிரு."

செல்லக்கனி முத்துமாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இறங்கிப் போனாள்.

உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்ததும் பிள்ளை முனகினாள். அதனால் எழுந்து நடந்தார். பாறையைத் தாண்டி நடந்தார், திருப்பத்தில் திரும்பினார், பாறைக்கே வந்தார், தாண்டி நடந்தார். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. எங்கேயும் போய்ச் சேராத அந்த வழியில் ஒருபக்கம் தும்பை பூத்திருந்தது. அடுத்த சுற்றில் அதில் ஒரு வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த சுற்றில் இரண்டு. வெயில் மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறமாகிப் பாறையின் பாசியில் படிந்தது. முட்டு வலித்தது. தோள் மரத்தது. கை வழுக்காமல் இருக்க விரல்களைக் கோத்துக்கொண்டார். தண்ணீர் ஊருக்குப் போய்விட்டது, வால்வை யாரோ திருகியிருப்பார்கள், சரியாகத் திருகியிருக்க மாட்டார்கள் என்ற நினைப்பு ஒரு சுற்றில் வந்தது. அடுத்த சுற்றில் அது இல்லை.

அவள் ஒரு கொட்டாவியோடு விழித்தாள்.

"ஊரு வந்துட்டா?"

"வரல."

"நான் உறங்கினதாலயா?"

"இல்லம்மா. நான் மெதுவா நடந்தேன்."

அவள் முதுகிலிருந்து வழுக்கி இறங்கினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். பாறையைப் பார்த்தாள், ஒரே தடத்தில் மிதிபட்டு மிதிபட்டுப் பள்ளமாகியிருந்த புல்லைப் பார்த்தாள், வேட்டிக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்த அவர் கால்களைப் பார்த்தாள். அவர் கிளம்ப அடியெடுத்து வைத்தார். அவள் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் உக்காருங்க பெரியப்பா," என்றாள். "ஊரு எங்க போயிரப் போவுது."

வெயிலுமுத்து உட்கார்ந்தார்.